ஏழு பத்து – கொடுத்தாச்சு

சனிக்கிழமை காலை வந்தாலே லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளாது. ஏழரைக்கே சமையலறை ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுவான். நாலாவது மாடியிலிருந்து பார்த்தால் தெருமுனை வரை தெரியும். எட்டு மணிக்கு மகள் வர வேண்டும். எட்டு மணி தாண்டி ஒரு நிமிஷம் ஆனால், வண்டி எங்கேயாவது மோதிவிட்டதோ என்று தோன்றும். இரண்டு நிமிஷம் ஆனால், அவள் அம்மா மனசு மாறிவிட்டாளோ என்று தோன்றும். இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிற ஆள்தான். ஆனால் இந்த ஜன்னலிடம் மட்டும் அவன் ஜம்பம் பலிக்காது.

மகளுக்கு ஏழு வயசு. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்ததால் 'பட்டாணி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது வகுப்பிலேயே உயரமானவள் அவள்தான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவனும் பட்டாணியின் அம்மாவும் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அடிதடி, கோர்ட்டு, கச்சேரி எதுவும் இல்லை. ஒரு குடும்ப ஆலோசகர் நடுவில் உட்கார்ந்து பேசி, வாரநாள் எல்லாம் அம்மா வீடு, சனி காலையிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை அப்பா வீடு என்று எழுதிக் கொடுத்திருந்தார். புதன்கிழமையும் வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். இன்னும் பத்து நாளில் அதைப் பற்றிப் பேச மறுபடி உட்கார வேண்டும். அதை நினைத்து நினைத்தே அவனுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

பிரிந்தபின் அவர்கள் பேச்சே மாறிப்போனது. கல்யாணமான நாளிலிருந்து அவனை வாய் நிறைய 'நீ' என்று கூப்பிட்டவள், வீட்டை விட்டுப் போன மறுநாளிலிருந்து 'நீங்க' என்றாள். முகத்தில் அறைந்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. பதிலுக்கு 'நீங்க' சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை, 'நீ' சொல்ல உரிமை இல்லை. அதனால் யாரையும் குறிக்காமல் பேசக் கற்றுக்கொண்டான். "வந்தாச்சா?" "சாப்பாடு ஆச்சா?" "சொல்லியாச்சே!" ஒன்றரை வருஷத்தை இப்படியே ஓட்டிவிட்டான்.

போன வருஷம் பட்டாணிக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. அதிலிருந்து காலையில் ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை, ஒரு சிவப்பு மருந்து. இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு பாட்டில். சனிக்கிழமை காலை வேளையிலிருந்து ஞாயிறு காலை வேளை வரை அப்பா பொறுப்பு; காலை மருந்து எட்டரை மணிக்கு. அதற்கென்று ஒரு மஞ்சள் நோட்டுப் புத்தகம் பட்டாணியின் பையிலேயே இருக்கும். எந்த வேளை, எந்த மணிக்கு, யார் கொடுத்தது என்று எழுத வேண்டும்.

முதல் இரண்டு மாசம் ஒழுங்காகத்தான் எழுதினார்கள். அப்புறம் அவள் ஒருநாள், 'நகம் வெட்டவில்லை' என்று எழுதினாள். அவன், 'போன தடவை வந்த சாக்ஸில் ஒன்று குறைகிறது' என்று எழுதினான். 'சாக்ஸை எண்ணத் தெரிகிறது, வீட்டுப்பாடத்தைப் பார்க்கத் தெரியவில்லை' என்று பதில் வந்தது. நோட்டுப் புத்தகம் சண்டைக் களமாகிவிட்டது. அதைத் திறந்தாலே அன்றைய பொழுது பாழ் என்று, மூன்று வாரமாக அவன் அதைத் தொடவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. 'இன்னிக்குக் கடைக்குச் சீக்கிரம் போகணும். அண்ணன் கூட்டிட்டு வருவாங்க. ஒன்பதரை ஆகும்.'

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். சனிக்கிழமை அங்கே கூட்டம் அலைமோதும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் 'ஒன்பதரை' என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் பார்த்தான். அப்படியானால் எட்டரை மருந்து? ஒரு மணி நேரம் தள்ளிப் போகுமே? வண்டியிலேயே வலிப்பு வந்துவிட்டால்? போன் பண்ணினான். எடுக்கவில்லை. அவள் அண்ணனுக்குப் பண்ண மனசு வரவில்லை. ஒரு காலத்தில் 'மச்சான், மச்சான்' என்று தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள்தான். இப்போது எதிரெதிரே வந்தால் இரண்டு பேருக்கும் அவசரமாகக் கடிகாரம் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒன்பது முப்பத்தைந்துக்குக் கீழே வண்டி வந்து நின்றது. மச்சான் இறங்கவில்லை. இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பட்டாணி தானே கதவைத் திறந்து, பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவள் கட்டடத்துக்குள் நுழையும்வரை பார்த்திருந்துவிட்டு வண்டி கிளம்பிவிட்டது.

அவன் கதவைத் திறந்து வைத்து, கையில் மருந்து அளக்கும் கோப்பையோடு நின்றிருந்தான்.

"வா வா வா. முதல்ல இதைக் குடி. ஒரு மணி நேரம் லேட்டு."

பட்டாணி கோப்பையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். பை இன்னும் தோளிலேயே இருந்தது.

"என்னடா? குடிம்மா. சீக்கிரம்."

குடித்துவிட்டாள். அவன் பெருமூச்சு விட்டான். ஒரு முட்டையைப் பொரித்து, ரொட்டியோடு வைத்தான். பாதி சாப்பிட்டுவிட்டு, தரையில் குப்புறப் படுத்து வரைய ஆரம்பித்தாள். அவன் பாத்திரம் கழுவினான்.

பத்தரை மணி இருக்கும். "அப்பா, ரெண்டு ரெண்டா தெரியுது" என்றாள்.

திரும்பிப் பார்த்தான். பென்சில் கையிலிருந்து நழுவி உருண்டு போயிருந்தது. எழுந்து வர முயன்றாள். கால் பின்னியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

வலிப்பு என்றுதான் நினைத்தான். கையைக்கூடத் துடைக்காமல் ஓடி, சொல்லிக் கொடுத்திருந்தபடி பக்கவாட்டில் படுக்க வைத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கை கால் வெட்டவில்லை. கண் செருகவில்லை. தூக்கம் சொக்கிற்று, அவ்வளவுதான். கூப்பிட்டால், "ம்" என்றாள். இது அது இல்லை. அப்படியானால் என்ன?

அப்போதுதான் ஒரு சந்தேகம் முள் மாதிரி குத்தியது.

"பட்டாணி, காலையில அம்மா வீட்ல மருந்து குடிச்சியா?"

அந்த அரைத் தூக்கத்திலும் அவள் கண்ணைத் திறந்து அவன் முகத்தைத்தான் தேடினாள்.

"அப்பா திட்ட மாட்டேன். சொல்லு. குடிச்சியா?"

மெல்லத் தலையாட்டினாள்.

அவன் பாட்டிலில் ஒட்டியிருந்த ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டான். ஒரு நர்ஸ் எடுத்தார். எத்தனை மில்லி என்று கேட்டார், சொன்னான். எத்தனை மணிக்கு என்று கேட்டார். இரண்டாவது வேளையைச் சொன்னான், முதலாவது தெரியாது என்றான். "குழந்தை எடை என்ன?" என்று கேட்டார்.

எடை பார்ப்பதெல்லாம் அம்மா கூட்டிக்கொண்டு போகும்போதுதான். மகள் எத்தனை கிலோ என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆறு பேர் லிஃப்டில் ஏறினால் எத்தனை கிலோ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

"சரி விடுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. எதுவும் கொடுக்காதீங்க. பாட்டிலை எடுத்துட்டு நேரா இங்க வந்துடுங்க."

ஒரு தோளில் மகள், ஒரு தோளில் அவளுடைய பை. டாக்ஸியில் உட்கார்ந்து, அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவள் அம்மாவுக்குப் போன் பண்ணினான். கடைக்குள் நுழைந்ததும் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஏழாவது தடவையும் எடுக்காததால், கடை நம்பரைத் தேடிப் பிடித்தான்.

"வணக்கம் சார், கண்ணாடி ரெடியான்னு கேக்கறீங்களா?" என்றது ஓர் உற்சாகமான குரல்.

"கண்ணாடி இல்லீங்க. கண் டெஸ்ட் பண்றாங்கல்ல, அவங்க…" 'என் மனைவி' என்று சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டான். "அவங்க பொண்ணோட அப்பா பேசறேன். பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். உடனே வரச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் பட்டாணியை ஒரு சக்கரக் கட்டிலில் படுக்க வைத்து, விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். அவள் அழக்கூட இல்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. சின்ன வயசு டாக்டர் ஒருவர், சலனமே இல்லாத குரலில் பேசினார். "பயப்படற அளவுன்னு தோணல. ஆனா ரெண்டு வேளைக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு தெரியணும். முதல் டோஸ் எப்போ?"

"அவங்க அம்மா வந்ததும்…"

"எழுதி வைக்கற பழக்கம் உண்டா? பைல ஏதாவது இருக்கா பாருங்க" என்றார் நர்ஸ்.

பைக்குள் கைவிட்டான். தலைமுடி கிளிப், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், அடியில் மஞ்சள் நோட்டு. கடைசிப் பக்கத்தைப் பிரித்தான். அவளுடைய உருண்டையான கையெழுத்தில், அன்றைய தேதி. 'காலை 7.10 – கொடுத்தாச்சு. இனி ராத்திரி வேளைதான்.' கடைசி வரியின் கீழே இரண்டு கோடு வேறு.

"ஏழு பத்து" என்றான். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னான். "ஏழு பத்துக்கு, டாக்டர்."

"நல்லது. சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கிட்டு அனுப்பிடலாம்."

அவர் போனபின், நோட்டை மூடிப் பையின் அடியிலேயே வைத்தான். பையை நாற்காலிக்குக் கீழே தள்ளினான். ஏன் அப்படிச் செய்தான் என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அவனாலேயே சொல்லியிருக்க முடியாது.

பதினொன்றரைக்கு அவள் ஓடி வந்தாள். கடையின் வெள்ளைக் கோட்டோடு, கண் பார்க்கும் பேனா டார்ச் ஒன்று பாக்கெட்டில் எரிந்தபடியே.

"என்னடா ஆச்சு இவளுக்கு? நீ என்ன கொடுத்தே? சொல்லு, என்ன கொடுத்தே?"

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு 'நீ'. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை. அவன் நடந்ததைச் சொன்னான். வாய் குழறிற்று. மருந்து தாமதமாகிவிடுமே என்ற பதற்றம், கோப்பையோடு வாசலில் நின்றது, எல்லாம்.

"அண்ணன் சொல்லலையா? மருந்து கொடுத்தாச்சுன்னு மேல போய்ச் சொல்லிட்டு வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"மேல வரலை."

வெளியே போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் கை ஆடுவது தெரிந்தது. "அவன் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கலைன்னா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிட்டு வந்திருக்கலாமே!" என்று கத்தியது உள்ளே வரை கேட்டது. திரும்பி வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். பட்டாணி தூங்கினாள். கிளிப் மாட்டிய விரல் சிவப்பாக ஒளிர்ந்தது. நர்ஸ் அரை மணிக்கு ஒருதரம் வந்து அவளைத் தட்டி எழுப்பி, "பேர் என்ன?" என்று கேட்பார். "பட்டாணி" என்று முனகல் வரும்வரை இரண்டு பேரும் மூச்சு விடமாட்டார்கள்.

மணி ஒன்று தாண்டியது. அவள் திடீரென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"நோட்ல எழுதினேனா? எழுதலையா? காலையில ஒரே ஓட்டம். ஒரு கையில பால், ஒரு கையில சாவி. ஞாபகமே வரலையே."

அவன் தரையைப் பார்த்தான்.

"எழுதியிருக்க மாட்டேன். மூணு வாரமா நீங்களும் எழுதறதில்ல, நானும் விட்டுட்டேன்." மறுபடி 'நீங்க' வந்துவிட்டது. "என் தப்புதான். நேரத்தை மாத்தினது நான். உங்களுக்கு ஒரு வரி மெசேஜ்ல சொல்லியிருக்கலாம். ஆலோசகர்கிட்ட நானே சொல்லிடறேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்."

அவன் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பத்து நாளில் அவளே அந்த அறையில் தலை குனிந்து உட்காருவாள். புதன்கிழமை கிடைத்துவிடும். நோட்டில் அந்தப் பக்கத்தை மட்டும்… சே. அவன் மகளைப் பார்த்தான். அவள் அம்மாவைப் பார்த்தான். பேனா டார்ச் இன்னும் அந்தப் பாக்கெட்டில் எரிந்துகொண்டிருந்தது. அவன் வேலை பார்க்கும் ஒவ்வொரு கட்டடத்திலும் மோட்டார் அறையில் ஒரு பதிவேடு தொங்கும். முன்னால் வந்தவன் என்ன எழுதியிருக்கிறான் என்று படிக்காமல் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை அவன். தொட்டால் ஆள் சாவான் என்று புதுப் பையன்களுக்கு வகுப்பெடுப்பதே அவன்தான்.

அவன் குனிந்து பையை இழுத்து, நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தான்.

"எழுதியிருக்கே. நான்தான் பார்க்கலை."

அவள் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள், ஒரு வரிதான் என்றாலும்.

"இதை எப்போ பார்த்தே?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே."

"ரெண்டு மணி நேரமா வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அவள் நோட்டை மூடினாள். கண் நிறைந்து வழிந்தது. கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டு, "நான் இங்க என்னைக் கொன்னுக்கிட்டு இருந்தேன். நீ பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தே" என்றாள். "பயமா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னான். "பட்டாணியை எங்கிட்டேருந்து எடுத்துடுவாங்களோன்னு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பட்டாணி தானாகவே கண் விழித்தாள். முதலில் இடதுபக்கம் பார்த்தாள், பிறகு வலதுபக்கம். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தது அவளுக்குப் புரியவில்லை.

"ரெண்டு ரெண்டா தெரியுதா இன்னும்?" என்று கேட்டாள் அம்மா.

"இல்ல. ஒரு அம்மா, ஒரு அப்பாதான் தெரியறீங்க."

சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "ஏன்டா செல்லம், ஏற்கெனவே குடிச்சாச்சுன்னு அப்பாகிட்ட ஏன் சொல்லலை? கசந்திருக்குமே?"

"கசக்காது. ரெண்டு வீட்லயும் ஒரே ஸ்ட்ராபெரிதான்." சட்டையின் பட்டனைத் திருகினாள். "அங்க நடந்தது இங்க சொல்லக்கூடாதுல்ல."

"யார் அப்படிச் சொன்னது?" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"யாரும் சொல்லலை. சொன்னா உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். அம்மாவுக்கும் ஆகும். அப்புறம் நெறைய கேள்வி கேப்பீங்க."

அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அம்மா வீட்டில் புது சோபா வந்திருக்கிறது என்று குதித்துக்கொண்டு சொன்னாள். "அப்படியா? யார் வாங்கினது? எப்போ? பழசு என்ன ஆச்சு?" என்று அவன் கேட்கக் கேட்க, குழந்தை குதிப்பதை நிறுத்தியிருந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி அவள் எதுவும் சொன்னதாக நினைவில்லை. பட்டாணியின் அம்மாவும் எதையோ நினைத்துக்கொண்டவள் மாதிரி உதட்டைக் கடித்தாள்.

"இனிமே எல்லாம் சொல்லலாம்" என்றாள் அவள். "ரெண்டு பேர்கிட்டயும். எது வேணும்னாலும்."

"மூஞ்சி?"

"அதை நாங்க பார்த்துக்கறோம்" என்றான் அவன்.

சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் பட்டாணி அம்மாவோடு போகட்டும் என்று அவனே சொன்னான். சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்து வந்தான். தரையில் பாதி வரைந்த படம் கிடந்தது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய்ப் படுத்தான்.

பத்து நாள் கழித்து ஆலோசகர் முன் உட்கார்ந்தபோது நோட்டு விஷயத்தை அவன்தான் முதலில் சொன்னான், ஆஸ்பத்திரியில் மறைத்ததையும் சேர்த்து. நேரம் மாற்றியதைச் சரியாகச் சொல்லாதது தன் பிழை என்று அவள் சொன்னாள். ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சனி, ஞாயிறு அப்படியே இருக்கட்டும், புதன்கிழமையை மூன்று மாசம் கழித்துப் பார்ப்போம் என்றார். இனி யாரும் கீழே நின்று ஹாரன் அடிக்கக் கூடாது, கையில் கொண்டு வந்து ஒப்படைக்க வேண்டும். நோட்டில் மருந்தைத் தவிர வேறு எதுவும் எழுதக் கூடாது. புதன்கிழமை போய்விட்டதே என்று அவனுக்கு வலித்தது. சனிக்கிழமையாவது மிஞ்சியதே என்று வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமை எட்டு மணிக்கு அவள் பட்டாணியோடு நாலு மாடியும் ஏறி வந்து மணி அடித்தாள். "இன்னும் கொடுக்கலை. எட்டரைக்கு நீங்கதான்" என்றாள். "எட்டரைக்கு நான்தான்" என்றான். அவள் போனதும், நோட்டைத் திறந்து படித்துவிட்டுத்தான் பாட்டிலைத் தொட்டான்.

பட்டாணி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். மாமா குறட்டை விட்டால் ஜன்னல் ஆடுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் லைட் போய்விட்டது. அம்மா போனில் யாரிடமோ அழுதாள். அப்புறம், வாயில் ரொட்டியோடேயே: "அம்மா கடைக்காரங்க வேற ஊர்ல ஒரு கடை திறக்கறாங்களாம். அம்மாவை அங்க வர்றியான்னு கேட்டாங்களாம்."

கத்தியில் எடுத்த வெண்ணெய் அப்படியே நின்றது. எந்த ஊர்? எப்போது? அவள் என்ன சொன்னாள்? பள்ளிக்கூடம் என்ன ஆகும்? பத்துக் கேள்வி ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு நாக்கு நுனிக்கு வந்தன. பட்டாணி மெல்லுவதை நிறுத்தி அவனையே பார்த்தாள்.

"அப்படியா" என்றான். குரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கு அம்மா வரும்போது நானே கேட்டுக்கறேன். நீ சொல்லு, மாமா குறட்டையில ஜன்னல் ஆடுச்சு. அப்புறம்?"

ஒரு நொடி யோசித்தாள். பிறகு நாற்காலியில் முழங்காலிட்டு உயர்ந்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, மாமா குறட்டை விடுவதை நடித்துக் காட்டத் தொடங்கினாள். கேள்விகளை விழுங்கிக்கொண்டு அவன் வாய்விட்டுச் சிரித்தான்.